ஒரு சாண் தள்ளி

சாப்பாட்டு மேசையை பேஸ்மென்ற்றுக்கு இறக்கிவிட்டு, அந்த இடத்தில் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டார்கள். மேசைக்கு மேலே தொங்கிய கண்ணாடி விளக்கைக் கழற்ற ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. படுத்திருப்பவர் கண் விழித்தால் நேர் மேலே கண்ணாடித் துளிகள். "கலியாண ஹோலுக்குள்ள படுத்திருக்கிறன்" என்றார் சம்பந்தியம்மா, வீடு வந்த அன்று. பகிடியாகத்தான் சொன்னார். சிரிக்கும் தெம்பு அப்போது வீட்டில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

இது ஸ்ரௌவ்வில். ரொறன்ரோ நகர நடுவிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய ஏப்ரகாம் ஸ்ரௌஃபர் என்ற மெனனைற்காரரின் பெயரைத் தாங்கிய பழைய ஊர். அன்று பண்ணைகளாகக் கிடந்த நிலத்தில் இன்று இரண்டு மாடி வீடுகள். 2021 குடித்தொகைக் கணக்கெடுப்பில் விற்சேர்ச்-ஸ்ரௌவ்வில் நகரத்தில் 49,864 பேர். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து ஸ்காபரோ அடுக்குமாடிகளில் தொடங்கி, மார்க்கத்தில் வீடு வாங்கி, பிள்ளைகள் வளர இன்னும் வடக்கே நகர்ந்த எங்கள் சனம் வந்து சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. வீடு பெரிது. படுக்கையறைகள் எல்லாம் மேலே, குளியலறையும் மேலே. கீழே கைகழுவும் தொட்டியும் ரொயிலெற்றும் உள்ள சின்ன அறை ஒன்று மட்டும். ஒருவருக்கு இடுப்பு முறியும்வரை இந்த அமைப்பில் ஒருவரும் குறை காணவில்லை.

2025 தைப்பொங்கல் கழிந்த கிழமை, இரவு ரொயிலெற்றுக்கு எழும்பிப் போனவரின் கால் கட்டிலடி மிதியடியின் விளிம்பில் தட்டியது. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. முதுமையில் தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டின் அளவுகோல். மார்க்கம் ஸ்ரௌவ்வில் மருத்துவமனையில் அதற்குள் செய்து முடித்தார்கள். முறிந்த பந்துமுனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்து, மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். ஊரில் முறிவுக்குப் புக்கை கட்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடத்துவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வெட்டிய மறுநாளே நிற்கச் சொன்னது அவருக்குக் கொடுமையாகப் பட்டது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும் என்று மருமகள் விளக்கினாள். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வைச்சிருக்கிறாங்கள்" என்றார் சம்பந்தியம்மா.

என் மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்டால், பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு கிழங்களும்தான். சம்பந்தி முறையில் கதைப்பதற்கே ஓர் எல்லை உண்டு. கைகொடுத்துத் தூக்குவது என்ற பேச்சே இல்லை. "மாமா, ஏதும் எண்டால் 911 அடியுங்கோ" என்று மருமகள் சொல்லிவிட்டுப் போவாள். அதைத் தவிர எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. வரவேற்பறைக் கதிரையில் பேப்பரோடு இருந்து கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும்தான் இனி வருவது.

*

எட்டரைக்குக் கதவு மணி அடிக்கும். வருகிறவள் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க எங்கள் பெண், பி.எஸ்.டபிள்யூ. தனிநபர் பராமரிப்புத் தொழிலாளி என்று கடிதங்களில் எழுதுவார்கள்; வீடுகளில் அப்படிச் சொல்பவர் இல்லை. வாசலில் பனிச்சப்பாத்தைக் கழற்றி, பையிலிருந்து வீட்டுக்குள் போடும் சப்பாத்தை எடுத்து மாட்டுவாள். கைத்தொலைபேசியில் வந்த நேரத்தைப் பதிவாள். கையை முழங்கைவரை கழுவுவாள். பிறகு கட்டிலடிக்குப் போய், நின்றுகொண்டு கதைக்காமல் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு இருந்துதான் வாயைத் திறப்பாள்.

"இரவு நித்திரை வந்ததோ, அம்மா?"

கிடைத்த ஒரு மணித்தியாலத்தில் இப்படி இருந்து கேட்பதற்கே ஐந்து நிமிடம் போகும். தொடக்கத்தில் எனக்கு அது வீண் நேரமாகப் பட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் முகத்தின் வீக்கம், உதட்டின் வறட்சி, போர்வைக்குள் கால் கிடக்கும் கோணம், நேற்று வைத்த தண்ணீரின் மட்டம் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறாள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இவருக்குச் செய்த சத்திரசிகிச்சை முறைக்கு மூன்று தடைகள்: இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக் கூடாது. மீறினால் புதுப் பந்து குழியை விட்டு விலகலாம். நிலத்தில் சம்மணமிட்டு இருந்து தேங்காய் துருவியவருக்கு, சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவருக்கு, அந்த மூன்று வரியும் சேர்ந்து பாதி வாழ்க்கையைத் தடைசெய்தன. ரொயிலெற்றின் மேல் உயரமான இருக்கை வந்தது. சோபாவில் இருக்கக் கூடாது, தாழ்வு. விழுத்திய மிதியடி குப்பைக்குப் போனது. வீட்டிலுள்ள மற்ற மிதியடிகளும் கூடவே போயின.

எழுப்பும் வேலையைப் பலமுறை பார்த்தேன். இடுப்பில் அகலமான பட்டி ஒன்றைக் கட்டுவாள். நோகிற பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்பாள். "நுனிக்கு வாங்கோ. நோகிற காலை முன்னுக்கு நீட்டுங்கோ. வோக்கரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அது உருண்டிடும். ரெண்டு கையையும் கட்டில்ல ஊண்டுங்கோ. எழும்பி நிண்டு ஒரு மூச்சு விட்டுப்போட்டுத்தான் நடை." சொல்வதெல்லாம் சொல்லிவிட்டு, தூக்கமாட்டாள். பட்டியில் இரண்டு விரல் கொளுவியிருக்கும். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நிற்கும். காற்றுக்கு அணையாமல் விளக்கைச் சுற்றிப் பிடிக்கும் கை அது, சுடரைத் தொடுவதில்லை.

மருமகள் செய்யும்போது வேறு. அக்குளுக்குள் கைகொடுத்து ஒரே தூக்கு. தாய் "ஐயோ" என்பதற்குள் கதிரையில் இருப்பார். சோட்டியை மாட்டி, பொத்தானைப் பூட்டி, தலையை இழுத்துக் கட்டி, பால்தேத்தண்ணியை வாயில் பிடித்து, ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அத்தனையும் பாசம்தான். வேலைக்குப் போகும் பாசத்துக்கு நேரம் இல்லை. அந்தப் பெண் வந்த பிறகு அதே சோட்டியின் பொத்தான்களைச் சம்பந்தியம்மாவே பூட்டுவார். நடுங்கும் விரல் பொத்தானை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தவறவிடும். மறுபடியும் கொண்டுபோகும். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை இருக்காது; எழும்பிப் போய்ப் பூட்டிவிடலாம் என்று உடம்பு உன்னும். அவள் கையைக் கட்டிக்கொண்டு, வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தபடி நிற்பாள். உற்றுப் பார்த்தால் அவருக்குக் கை இன்னும் நடுங்கும் என்பதற்காகத்தான் வெளியே பார்க்கிறாள்.

கடைசிப் பொத்தானும் பூட்டியாகிவிட்டால் சம்பந்தியம்மா தலையை நிமிர்த்துவார். அந்த நிமிர்வு மருமகள் உடுத்திவிடும் நாட்களில் வராது.

*

சாப்பாட்டறைக்குக் கதவில்லை. ஒரு கம்பி கட்டி, பழைய கூறைச்சேலை ஒன்றைத் திரையாகப் போட்டிருந்தார்கள். உடம்பு துடைக்கும் நேரம் நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவேன். குரல் வரும்.

"இப்ப முகம். நீங்களே துடையுங்கோ, இந்தாங்கோ துவாய்." தண்ணீர் பிழியும் சத்தம். "இனி வலது கை. மற்றப் பக்கம் மூடித்தான் கிடக்கு, குளிராது." கொஞ்ச நேரம் கழித்து, "இனி முதுகு. கையை வைக்கப் போறன்."

தொடுமுன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, உலர்த்தி, மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பது இந்தத் தொழிலில் முதலில் படிப்பிக்கும் பாடம். முதல் நாட்களில் சம்பந்தியம்மாவின் பதில் ஒன்றும் கேட்காது. ஒருநாள் கேட்டது: "என்ர மகளுக்கே நான் உடம்பைக் காட்டினதில்லை, பிள்ளை." அவள் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. "அதுதான் நானும் பார்க்கேல்லை" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. வீடு வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நோவைச் சொல்வதில் இன்னொரு சிக்கல். தையல் பார்க்க வந்த நேர்ஸ் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோ எத்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டார். மருமகள் தொலைபேசியில் இருந்து மொழிபெயர்த்தாள். "நோவுக்கு ஆர் கணக்கு வைச்சது? மானிப்பாயில வெள்ளைக்காரத் தொற்றர் தமிழ் படிச்செல்லோ வைத்தியம் பார்த்தவர். இஞ்ச நான் நோவை நம்பரில சொல்ல வேணுமாம்" என்றார். அவர் சொன்னது 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மேலைமருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனை. மானிப்பாய் ஆட்கள் எந்தக் கதையையும் கிறீன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து முடிக்க வல்லவர்கள்.

நம்பரை அந்தப் பெண் கேட்பதில்லை. நடக்கும்போது அவரின் வாயைப் பார்ப்பாள். கீழுதடு உள்ளே போனால் நிறுத்துவாள். "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம்?" மருந்துக்கடை நாள்வாரியாக அடைத்துத் தந்த மாத்திரை அட்டையைக் காட்டி ஞாபகப்படுத்துவாள். அதற்கு மேல் அவள் கை போகாது. மருந்து அவள் வேலைக்குள் வருவதில்லை. இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியை, நேர்ஸிடம் பழகி, இரவில் மருமகள் போட்டாள். போட்டுவிட்டு மேலே போய் அழுவாள் என்று மகன் சொன்னான்.

சாப்பாட்டில் ஒரு போர் நடந்தது. புண் ஆறும்வரை கிரந்தி ஆகாது என்று சம்பந்தியம்மா கத்தரிக்காய், தக்காளி, இறால், முட்டை எல்லாவற்றையும் விலக்கி, சோறும் மிளகுரசமும் போதுமென்றார். ஆஸ்பத்திரித் தாளோ எலும்புக்கும் தசைக்கும் புரதம் வேண்டும், முட்டையும் மீனும் பருப்பும் தயிரும் சாப்பிடு என்றது. மருமகள் தாளைக் காட்டிச் சத்தம்போட்டாள். தாய் வாயை இறுக்கினார். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. "ஊரில பத்தியத்துக்கு என்ன மீன் வைப்பியள்?" என்று கேட்டாள். பாலைமீன், உள்ளி நிறையப் போட்ட சரக்குக் கறி என்று பதில் வந்தது. அன்று மாலையே அந்தக் கறி வைத்தாயிற்று. மீன் மீன்தான், புரதம் புரதம்தான். மாத்திரைகள் கட்டிப்போட்ட வயிற்றுக்கு உலர்ந்த பிளம்ஸை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கும்படி அவள் சொல்லிக்கொடுத்ததும் பலித்தது. அந்த நற்செய்தி எனக்கு அறிவிக்கப்படவில்லை. சம்பந்தியம்மாவின் முகத்தில் தெரிந்தது.

*

உடம்பு தேறத் தொடங்கிய கிழமையில்தான் மனம் விழுந்தது.

வோக்கரோடு குசினி வாசல்வரை நடந்துகொண்டிருந்தவர் ஒருநாள் பாதியில் நின்றார். நிலம் சமதரை, ஈரமும் இல்லை. "ஏலாது" என்றார். கால் ஏலாமல் இல்லை. விழுந்தவர்களுக்கு எலும்பு பொருந்திய பிறகும் பயம் பொருந்தாமல் நிற்கும் என்று உடற்பயிற்சி நிபுணர் பிறகு மருமகளிடம் சொன்னார். அந்தப் பயத்தாலேயே நடை குறையும், நடை குறையத் தசை வற்றும், தசை வற்ற மறுபடி விழுவார்கள்.

அன்று அந்தப் பெண் அவரைக் கதிரையில் இருத்தித் தலைவாரத் தொடங்கினாள். வாரிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது. "நான் போய்ச் சேர்ந்திருந்தால் இவளுக்கு இந்தக் கரைச்சல் இல்லை." மருமகளானால் உடனே "விசர்க்கதை கதையாதைங்கோ அம்மா" என்று வாயை மூடியிருப்பாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் சீப்பைக் கீழே வைத்தாள். கதிரையைச் சுற்றி வந்து முன்னால் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த வீடு மார்க்கத்தில். அவள் நேரத்தைப் பார்க்கவில்லை. அழுகை தானாக ஓயும்வரை இருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஊரில காலமை எத்தினை பேருக்குத் தேத்தண்ணி ஊத்துவியள்?"

எதற்கு இந்தக் கேள்வி என்று நானும் பேப்பரை இறக்கினேன். சம்பந்தியம்மா மூக்கைத் துடைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். மாமா, மாமி, அவர், மச்சாள்மார், படிக்கிற பெடியள், மாடு பார்க்கிறவர், காலையில் பூப்பறிக்க வருகிற கிழவி. ஆருக்குப் பிளேன்ரீ, ஆருக்குப் பால், ஆருக்குச் சீனி கையில் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். ஒருவருக்கும் ஆறிய தேத்தண்ணி கொடுத்ததில்லையாம். அரைநூற்றாண்டு ஒரு வீட்டையே எழுப்பிவிட்டவர், இப்போது தன்னை எழுப்ப ஆளுக்குக் காத்திருக்கிறார். அழுகையின் வேர் அங்கே இருந்தது. நோவு அதற்கு மேலே கிடந்த மண்.

அந்தப் பெண் வந்த நாளிலிருந்து சம்பந்தியம்மா அவளைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்து வந்தார். வேலை நேரத்தில் வீடுகளில் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று அவள் ஒவ்வொரு நாளும் தட்டிக்கழித்தாள். அன்று போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நீங்கள் எழும்பி வந்து, நீங்களே போட்டுத் தாறதெண்டால் ஒருநாள் குடிக்கிறன்."

அதற்குப் பிறகு நடை குசினியை நோக்கித்தான். கேத்தில்வரை போவது ஒருநாள். கேத்திலுக்கு அரைவாசி மட்டும் தண்ணீர் பிடிப்பது இன்னொருநாள். மேல்தட்டிலிருந்த தேயிலைப் பேணி இடுப்பளவு தட்டுக்கு இறங்கியது, குனியவும் எட்டவும் தேவையில்லாமல். வோக்கரைப் பிடித்த கையால் கோப்பை தூக்க முடியாது. அதற்கும் வழி காட்டினாள்: கோப்பையைத் தூக்காமல் மேடைமேல் தள்ளித் தள்ளிக் கொண்டுபோவது, அதற்கப்பால் மூடிபோட்ட குவளையில் ஊற்றி வோக்கரின் கூடைக்குள் வைப்பது. ஆள் நின்றபடி வேலை செய்ய, அவள் ஒரு சாண் தள்ளி நின்றாள். வெறும் நடை என்றால் "ஏலாது" என்றவருக்குத் தேயிலைப் பேணிவரை போவதற்கு ஏலாமை வரவில்லை.

பெப்ரவரி நடுவில் ரொறன்ரோ வட்டாரத்தில் அடுத்தடுத்துப் பெரும் பனி கொட்டிய நாட்களில் ஒருநாள் எட்டரைக்கு மணி அடிக்கவில்லை. சம்பந்தியம்மா தலைவாரி, துவாயை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நண்பகலுக்குக் கிட்ட வந்தாள். எங்கள் தெரு வழிக்கவில்லை, மெயின் ஸ்ரீற்றில் காரை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "இந்தப் பனிக்குள்ள ஆர் உன்னை வரச் சொன்னது? கழட்டு காலுறையை. ஹீற்றருக்கு மேல போடு" என்று அதட்டல் எழுந்தது. பரபரப்பில் சம்பந்தியம்மா யாரும் சொல்லாமலே கட்டில் நுனிக்கு வந்து, கையை ஊன்றி, எழும்பி நின்றுவிட்டார். நின்றதை இருவருமே கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

சனி ஞாயிறுகளில் ஒரு பிலிப்பீன்ஸ் பெண் வருவாள். வேறு தமிழ் வீட்டில் பழகிய தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது. வந்து நின்று "எழும்பு!" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை, "எழும்புங்கோ" என்று சொல்லச் சொல்லி, அது வாயில் வரும்வரை எழும்பமாட்டேன் என்று கட்டிலிலேயே இருந்தார். அவளும் விடாமல் சொல்லிப் பழகினாள். பாடம் எடுக்கும் உற்சாகத்தில் அன்றைய தேகாப்பியாசம் இரண்டு முறை நடந்தது. தன் தாய் மணிலாவுக்கு அப்பால் ஓர் ஊரில் இருப்பதையும், அவரைப் பார்க்க ஆளுக்குக் காசு அனுப்புவதையும் கைத்தொலைபேசிப் படத்தோடு விளக்கினாள். தன் தாயை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு இன்னொருத்தியின் தாயைப் பார்க்க வந்தவள். சம்பந்தியம்மா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

இந்த ஆட்களை அனுப்பும் இடத்தை வீட்டில் எல்லோரும் இன்னும் "சிசிஏசி" என்றுதான் சொல்கிறார்கள். தொண்ணூறுகளில் மாகாண அரசு அமைத்த அந்த நிலையங்கள் 2017இல் மூடப்பட்டன. வேலை கைமாறிக் கைமாறி, 2024 ஜூன் 28 முதல் ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்ற ஒரே அமைப்பின் கீழ் வந்தது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று தீர்மானிப்பார். ஒப்பந்த நிறுவனங்கள் ஆளை அனுப்பும். தகுதி உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. வருகிறவர்களின் கூலி உயர்ந்ததல்ல. கொரோனாக் காலத்தில், 2020 ஒக்ரோபரில், வீடுகளுக்குப் போகும் இந்தத் தொழிலாளர்களுக்கு மணித்தியாலத்துக்கு மூன்று டொலர் கூட்டிக் கொடுத்தார்கள். 2022இல் அதை நிரந்தரமாக்கினார்கள். எங்கள் பெண்கள் நிறையப் பேர் படித்து இறங்கிய தொழில் இது. எட்டரைக்கு வருகிறவள் ஒரு நாளில் ஸ்காபரோ, மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்று நயன்த் லைனிலும் ஹைவே 48இலும் மேலும் கீழுமாக ஓடுவாள். மதியச் சாப்பாடு காருக்குள் என்று சம்பந்தியம்மா விசாரித்து அறிந்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

*

பங்குனியில் மாடிப்படி தொடங்கியது. உடற்பயிற்சி நிபுணர் இளம் பெடியன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில் என்பதை ஞாபகம் வைக்க, நல்லது சொர்க்கத்துக்கு, கெட்டது நரகத்துக்கு என்று சொல்லிக்கொடுத்தான். அந்தப் பெண் அதைத் தமிழில் சொன்னாள். "என்ர கால்தானே ரெண்டும், ஒண்டு ஏன் நரகத்துக்குப் போகோணும்?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. ஆனால் வரிசை மறக்கவில்லை. ஒருநாள் மூன்று படி. பிறகு திருப்பம்வரை. ஒருநாள் மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொட்டிக்குக் குறுக்கே போட்ட பலகை இருக்கையில் இருந்து, பொங்கலுக்குப் பிறகு முதல் முறையாகத் தலையில் தண்ணீர் வார்த்தார். கீழே சிகைக்காய் மணம் வந்தது. அதை எங்கிருந்து பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த கிழமை ஒருங்கிணைப்பாளர் வருவதாகத் தகவல். முதல்நாள் இரவு மருமகள் தாயின் கட்டிலில் இருந்து பாடம் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, எல்லாம் ஏலும் ஏலும் எண்டு சொல்லாதைங்கோ. ஏலும் எண்டால் ஆளை வெட்டிப்போடுவினம். உடுப்புப் போட ஏலாது, நடக்கப் பயம், தலை சுத்துது எண்டு சொல்லுங்கோ." சம்பந்தியம்மா தலையாட்டினார். அந்தப் பெண் வராமல் போவதை எண்ணி அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். எட்டரை மணி இல்லாத காலையை அவர் அப்போதுதான் முதன்முறை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நடிக்க அவரிடம் காரணம் இருந்தது.

வந்தவர் நல்ல மனுசி. மடிக்கணினியைத் திறந்து பொறுமையாகக் கேட்டார். நடை, உடுப்பு, குளிப்பு, மலசலம், சாப்பாடு, ஞாபகம், மனக்கவலை. அன்று விடுப்பு எடுத்திருந்த மருமகள் மொழிபெயர்த்தாள், தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே. சம்பந்தியம்மா சொன்னபடி முகத்தைச் சுருக்கிக்கொண்டு கட்டில் நுனியில் இருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கேள்விகள் முடியும் தறுவாயில் அவர் வந்தவரின் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் கணினித் திரையில் கண்ணாக இருந்தாள்.

நுனிக்கு வந்தார். காலை நீட்டினார். கையை ஊன்றினார். எழும்பி ஒரு மூச்சு விட்டார். வோக்கர் குசினிக்குள் போனது. தண்ணீர் கொதிக்கும் சத்தம், பேணி திறக்கும் சத்தம், கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம். மருமகளின் முகத்தில் இரத்தம் இல்லை. மூடிக்குவளை வோக்கரின் கூடையில் ஏறி வந்து ஒருங்கிணைப்பாளருக்கு முன் நின்றது. அவர் முகம் மலர்ந்து கைதட்டினார். குடித்தார். கணினியில் சில பெட்டிகளை மாற்றினார்.

ஒவ்வொரு நாளும் என்றிருந்தது கிழமைக்கு இரண்டு நாளானது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. வந்த மனுசி தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். தேறத் தேற ஆள் குறையும் என்பது இந்த ஏற்பாட்டின் நேர்மையான கணக்கு. ஆனால் கால் தேறிய வேகத்தில் காலைத் தனிமை தேறுவதில்லை. அதற்கு அந்தக் கணினியில் ஒரு கேள்வி இருந்தது. பதில் சொல்ல வேண்டியவர் குசினியில் நின்றார்.

மருமகளுக்குக் கோபம் இரவுவரை ஆறவில்லை. "ஒரு தேத்தண்ணியால எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள் அம்மா." சம்பந்தியம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோட அனுப்பச் சொல்லுறியோ?"

மறுநாள் செய்தி அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே போயிருந்தது. சப்பாத்து மாற்றியபடியே, "எனக்குப் போடவேண்டிய தேத்தண்ணியை ஆர் குடிச்சது?" என்றாள். கவலை இருந்திருக்கும். முகத்தில் தெரிந்தது கெட்டிக்கார மாணவியைப் பெற்றவளின் பெருமைதான். அன்று அவளும் குடித்தாள், நின்றபடி, இரண்டு மிடறு. சீனி கூடிப்போனதென்றாள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மணி அடிக்கிறது. மற்ற நாட்களில் சம்பந்தியம்மா தானே முகம் கழுவி, சோட்டி மாற்றி, எட்டரைக்கு வரவேற்பறைக்கு வந்து எனக்கு எதிரேயுள்ள உயரக் கதிரையில் இருக்கிறார். பக்கத்தில் இரண்டு குவளை. பேசுவது இன்னும் குறைவுதான். ஆனால் அவர் கண் என் முழங்காலில் நிற்பதை நான் உணர்கிறேன். போன கிழமை பேப்பரை மடித்துவிட்டு நான் வழக்கம்போல முனகிக்கொண்டு எழும்பப் பார்த்தேன். தாழ்ந்த சோபா விடவில்லை. எதிரே குரல் வந்தது:

"உப்பிடி எழும்பினால் விழுவியள். முதல் நுனிக்கு வாங்கோ. கையை ஊண்டுங்கோ. நிண்டு ஒரு மூச்சு விட்டுப்போட்டு நடவுங்கோ."

உதவிக்கு அவர் எழும்பவில்லை. நான் எழும்பி முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.